நான்காவது படம்

எங்கள் செரி மெலூர் தமிழ்ப்பள்ளி பெருந்தொற்றுக் காலத்தில் ஐந்து முறை திறக்கப்பட்டது, எட்டு முறை மூடப்பட்டது. கணக்கு இடிக்கிறதே என்று என்னிடம் கேட்காதீர்கள். மூன்று தடவை, மூடிக் கிடந்த பள்ளியையே மறுபடியும் மூடினார்கள். அதற்கும் கடிதம் வந்தது, அதற்கும் படம் எடுத்தார்கள்.

என் பெயர் முகுந்தன். கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பள்ளி இல்லாத நாள்களில் அதே வேனில் பாசாருக்குக் காய்கறி ஏற்றுவேன். அது என் பாடு, அதை விடுங்கள். என் கவலையெல்லாம் ஷாமினிதான். எனக்கு ஒரே மகள், எட்டு வயது, இரண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டு முழுவதையும் என் கைப்பேசியில் படித்தாள். படித்தாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. திரையில் டீச்சர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். ஏழு வீட்டிலிருந்து மிக்ஸியும் சேவலும் குக்கர் விசிலும் கேட்கும். வருஷ முடிவில் ஷாமினிக்கு “டீச்சர், கேக்குதா?” என்று கணீரென்று கேட்கத் தெரிந்தது. ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மட்டும், ஒன்று கொஞ்சம் குண்டு என்பாள்.

என் மனைவி மாதவிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அந்தச் சமயத்தில் உலகமே கையுறை கேட்டது, அதனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழ்ப் பத்திரிகையை விரித்தாள். ஷாமினி ஒரு பக்கம் முழுக்கத் தேடி ஒரு பூனைப் படத்தைக் காட்டினாள். மாதவி பத்திரிகையை மடித்து வைத்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“தீபாவளிக்குள்ள ஒரு வரி,” என்றாள் என்னிடம். “அவளா பாத்து, அவளா படிக்கணும். இல்லன்னா டிசம்பர்ல சுங்கைப்பட்டாணிக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பிடுவேன். அவ அழுதாலும் சரி, நீங்க அழுதாலும் சரி.”

மாதவியின் அக்கா பாலர் பள்ளி ஆசிரியை. கைக்குக் கிடைத்த எந்தப் பிள்ளையையும் படிக்க வைத்துவிடுவார். அவர் ஏற்கெனவே ஓர் அறையைக் காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. பிள்ளை இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளி ஐந்தாவது முறையாகத் திறந்தது. அப்பாடா என்று இருந்தது. இனி ஐந்து வாரமும் டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன்.

திறப்பதற்கு முதல் நாள் தலைமையாசிரியை திருமதி நல்லம்மாள் பெற்றோர்களை மண்டபத்துக்கு அழைத்தார். நல்ல மனுஷி. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. இப்போதெல்லாம் அவர் கையில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கும், அந்தக் கோப்புக்குள் இன்னொரு கோப்பு இருக்கும். பெட்டாலிங் ஜெயாவில் புதிதாக முளைத்திருந்த பள்ளித் திறப்பு மேற்பார்வை வாரியம் அனுப்பியதாகச் சொல்லி, தொண்ணூற்று நான்கு பக்க வழிகாட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதன்படி முதலில் குழுக்கள் அமைக்க வேண்டுமாம். பாதுகாப்புக் குழு, அதற்குக் கீழே கை கழுவும் பிரிவு, நாற்காலி இடைவெளிப் பிரிவு, வாசல் பிரிவு, இவை எல்லாம் இடைவெளி விட்டுக் கூடுகின்றனவா என்று பார்க்க ஒரு கண்காணிப்புப் பிரிவு. எண்ணிப் பார்த்தால் குழு உறுப்பினர்கள் நாற்பத்தோரு பேர். பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் முப்பத்தெட்டு.

நான் வாசல் பிரிவுத் துணைத் தலைவர். தலைவர் யார் என்று கேட்டேன். அந்தப் பதவிக்கு வாரியம் பின்னால் ஆளை அறிவிக்கும் என்றார்கள். இன்றுவரை அறிவிக்கவில்லை. எனக்கு ஒரு மஞ்சள் மேலங்கி, ஒரு வெப்பமானி, ஒரு நீளமான குச்சி கொடுத்தார்கள்.

குச்சி எதற்கென்றால், பதினான்காம் விதிக்கு. வாசல் சுவரில் பன்னிரண்டு பலகைகள் மாட்டியிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் உயரம். ‘முகக்கவரி அணிக’, ‘கை கழுவுக’, ‘தொடாதே’, ‘பகிராதே’, ‘கூடல் இடைவெளி காப்போம்’ என்று வரிசையாகப் போகும். வாரியத்தின் அதிகாரி திரு. கமலநாதன் தமிழ் உணர்வு மிக்கவர் என்பதால் அவ்வளவும் சுத்தத் தமிழ். உள்ளே நுழையும் ஒவ்வொரு மாணவருக்கும், தனித்தனியாக, குச்சியால் எழுத்து எழுத்தாகத் தொட்டு, பன்னிரண்டையும் வாசித்துக் காட்டிய பிறகே உள்ளே விட வேண்டும். நான்கு மாணவரை நிற்க வைத்து ஒரே தடவையில் வாசித்தால் அது கூட்டம் கூடுதல். குற்றம்.

ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம். முப்பத்தெட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். காலை ஏழு இருபதுக்குத் தொடங்கினால் கடைசிப் பிள்ளை உள்ளே போகும்போது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. எல்லாரும் வந்து சேராமல் பாடம் தொடங்கக்கூடாது என்பது இருபத்தாறாம் விதி. முதலில் போன பிள்ளை அதுவரை கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்பது ஐம்பதுக்கு ஓய்வு நேர மணி அடித்துவிடும். ஓய்வு முடிந்து வகுப்புக்குத் திரும்ப மறுபடி வெப்பம் பார்க்க வேண்டும். கிள்ளான் வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளை எந்த நோயும் இல்லாமலே கொதிக்கும், அதை விசிறிக்குக் கீழே ஆற வைக்க வேண்டும். அது முடிய பத்து நாற்பத்தெட்டு. பதினொரு மணிக்கு ஒவ்வொருவராக வெளியேற்றத் தொடங்கினால்தான் பன்னிரண்டே காலுக்குப் பள்ளி காலியாகும். ஆக மொத்தம் படிப்பதற்குப் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தது.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் படம் எடுத்தார்கள்.

அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. எங்கள் ஊரில் எந்த நிகழ்ச்சிக்கும் ஒரு பக்க அறிக்கை எழுதி, நான்கு படம் ஒட்டி, மேலே அனுப்ப வேண்டும். ஒட்டவில்லை என்றால் அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை என்று அர்த்தம். வாரியமும் தினம் ஓர் அறிக்கை கேட்டது. முதல் படம் வாசல், இரண்டாவது கை கழுவும் இடம், மூன்றாவது நாற்காலிகள். நான்காவது படத்தில் கட்டாயம் ஒரு மாணவர் இருக்க வேண்டும், மகிழ்ச்சியாக. முகக்கவரி போட்டிருப்பதால் மகிழ்ச்சி கண்ணில் தெரிய வேண்டும். எங்கள் ஷாமினிக்கு முட்டைக் கண் என்பதால் நான்காவது படத்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். திறந்த புத்தகத்தோடு உட்கார வைத்து எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி மறுபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். கிருமி வராமல் இருக்கப் பள்ளிப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் அந்த உறைதான்.

மாதவி வீட்டுக்கு வந்ததும் கேட்பாள். இன்றைக்கு என்ன படித்தாய்? படம் எடுத்தார்கள், அம்மா. நேற்று? நேற்றும் படம்தான். மாதவி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் வேனைக் கழுவப் போய்விடுவேன்.

இரண்டாவது வாரம் அதிகாரி கமலநாதன் நேரில் வந்தார். அவரோடு சேர்த்துப் பதினேழு பேர், நான்கு கார். வளாகத்துக்குள் ஐம்பது பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது மூன்றாம் விதி. பிள்ளைகள் முப்பத்தெட்டு, ஆசிரியர்கள் ஒன்பது, தலைமையாசிரியை, அலுவலகத்துக் கெராணி, நான், சரியாக ஐம்பது. பதினேழு பேர் உள்ளே வந்தால் பதினேழு பேர் வெளியே போயாக வேண்டும். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார், நான் வேனைப் பார்த்தேன். பதினான்கு பேர் உட்காரும் வேனில் பதினேழு பிள்ளைகளை ஏற்றிக் கதவைச் சாத்தினோம். வேன் வளாகத்துக்கு வெளியே நின்றதால் கூடல் இடைவெளி விதி அதற்குப் பொருந்தாது என்று கூட வந்த ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

அடுத்தது பொன்னாடை. நம்மவர்கள் எதை விட்டாலும் அதை விடமாட்டார்கள். ஆனால் ஒரு மீட்டர் இடைவெளியில் எப்படிப் போர்த்துவது? அந்தப் பதினேழு பேரில் ஒருவராக உள்ளே வந்திருந்த பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் சோலையப்பன் வன்பொருள் கடை வைத்திருப்பவர், எந்தச் சிக்கலுக்கும் அவர் கடையில் ஒரு சாமான் இருக்கும். ரம்புத்தான் பறிக்கிற கம்பு இரண்டு கொண்டுவந்தார். இரு பக்கமும் இருவர் நின்று, கம்பு நுனிகளில் பொன்னாடையை மாட்டி, மெல்ல இறக்கினார்கள். அது தோளில் விழாமல் தலையோடு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து அதிகாரி, பரவாயில்லை, பரவாயில்லை என்றார். மூன்றாவது முயற்சியில் சரியாக விழுந்தது. இந்த முறையை மற்றப் பள்ளிகளும் பின்பற்றலாம் என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் முகக்கவரியைக் கழற்றிவிட்டு, தோளோடு தோள் ஒட்டி நின்று படம் எடுத்தார்கள். கழற்றலாமா என்று நான் கேட்டேன். படத்துக்கு மூணு செகண்டுதானே லா, என்றார் சோலையப்பன். நான் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

கமலநாதன் பேசினார். நல்ல குரல் அவருக்கு.

“ஒரு பள்ளிக்கூடத்தில் தொற்று எங்கிருந்து வருகிறது? நாங்கள் ஆறு மாதம் ஆராய்ந்தோம். மாணவர்களிடமிருந்து வருகிறது. கட்டடத்துக்கு இதுவரை தொற்று வந்ததில்லை. நாற்காலிக்கு வந்ததில்லை. ஆகவே பள்ளியைப் பாதுகாப்பது எளிது. மாணவர்களைத்தான் நாம் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும்.”

கைதட்டினார்கள். கைதட்டலாமா என்று கண்காணிப்புப் பிரிவு விதியைத் தேடியது.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது, அது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சொந்தப் பிள்ளையை முதலில் உள்ளே விட்டால் ஊர் ஒரு மாதிரி பேசும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அதனால் ஷாமினியை நான் எப்போதும் வரிசைக் கடைசியில், எனக்குப் பக்கத்திலேயே, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பாதக் குறியில் நிறுத்தியிருந்தேன். பன்னிரண்டு பலகையையும் நான் குச்சியால் தொட்டுத் தொட்டு வாசிப்பதை அவள் தினம் முப்பத்தெட்டுத் தடவை கேட்டாள். எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அவளுக்கும் வேறு வேலை இல்லை, கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

மூன்றாவது வாரம் ஒருநாள் வேனில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிள்ளான் கடைத்தெருவில் சிவப்பு விளக்கு. பின்னாலிருந்து ஒரு குரல்.

“அப்பா, அங்க ‘கடை’ன்னு போட்டிருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். நகைக்கடைப் பலகை. யார் சொன்னது என்றேன். யாரும் சொல்லவில்லையாம். கை கழுவச் சொல்கிற பலகையில் இருக்கிற க, இடைவெளிப் பலகையில் இருக்கிற டை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவாம். பச்சை விழுந்து பின்னால் நின்ற லோரி ஹாரன் அடித்தது. எனக்குக் கண் கலங்கிப்போய் ரோடு தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு இன்னும் நான்கு பலகையைக் காட்டினேன். ‘பால்’ வந்தது. ‘பூ’ வந்தது. ‘வட்டிக்கு’ என்பதில் கொஞ்சம் தடுமாறி வந்தது.

மாதவியிடம் ஓடினேன். அவள் நம்பவில்லை. பலகையில் இருக்கிற பன்னிரண்டையும் ஷாமினி கடகடவென்று பார்க்காமலே ஒப்பித்துவிட்டதுதான் வினையாகப் போயிற்று. “இது மனப்பாடம்,” என்றாள் மாதவி. “கடை, பாலுன்னு வார்த்தை சொல்றதும் சரிதான். வார்த்தை வேற, வரி வேற. இதுக்கு முன்னால அவ கண்ணுல படாத வரியா இருக்கணும்.” சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மகள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது, எனக்குத் தெரியும்.

நான் அதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பெருமை யாரை விட்டது? சோலையப்பனிடம் சொன்னேன். அவர் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: ‘நம் பள்ளி வாசலில் நின்றே மாணவர்கள் வாசிக்கக் கற்கிறார்கள்! வாழ்க செரி மெலூர்!’ கீழே பதினெட்டுப் பேர் கைகூப்பினார்கள். தனேஷ் என்கிற மூன்றாம் ஆண்டுப் பையனின் அம்மா, என் மகனும்தான் என்று எழுதினார். அந்தக் குழுவில் வாரியத்து ஆள் ஒருவர் இருந்தது யாருக்கும் நினைவில்லை.

இரண்டு நாளில் விசாரணை. தலைமையாசிரியை அறையில் கமலநாதன், அவருக்கு இரு பக்கமும் இரண்டு பேர், எதிரே நானும் ஷாமினியும். தலைமையாசிரியை கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தார்.

“முகுந்தன், நீங்க ஆசிரியரா?”

“வேன் டிரைவர் சார்.”

“பயிற்சி?”

“லைசன்ஸ் இருக்கு சார்.”

அவர் எழுதிக்கொண்டார். வாசல் என்பது கற்றல் கற்பித்தலுக்கு அங்கீகரிக்கப்பட்ட பகுதி இல்லை என்று பொறுமையாக விளக்கினார். கற்றல் வகுப்பறையில் நடக்க வேண்டும். வகுப்பறையில் நடக்கவில்லையே சார் என்றேன். அது வேறு பிரிவு பார்க்கிற விஷயம் என்றார். ஒரு பிள்ளை அனுமதி இல்லாத இடத்தில் கற்றுவிட்டால் அந்தக் கல்விக்கு யார் பொறுப்பு? நாளைக்கு அந்தப் பிள்ளை வேறெதையாவது வாசித்துவிட்டால்? நிஜமாகவே ஏதோ தப்பு செய்துவிட்டேனோ என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

பிறகு ஷாமினி பக்கம் திரும்பினார். வாசித்துக் காட்டு என்று சொல்வார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“நீ வாய்விட்டுப் படிச்சியாம்மா, மனசுக்குள்ள படிச்சியா?”

ஷாமினி என்னைப் பார்த்தாள். வாய்விட்டு, என்றாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய்விட்டு வாசித்தால் எச்சில் துளி பறக்கும், ‘ழ’ இருக்கிற சொல்லென்றால் இன்னும் மோசம் என்று இடது பக்கத்தவர் சொன்னார். தமிழ் உணர்வு மிக்க கமலநாதனுக்கு அது கொஞ்சம் வலித்திருக்க வேண்டும், அதை எழுதிக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியை அப்போது மெதுவாக, பிள்ளை படித்தது நல்லதுதானே சார் என்றார். அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான். “நல்லதுதான் டீச்சர்,” என்றார் கமலநாதன். “ஆனா ரிப்போர்ட்ல எந்தக் கட்டத்துல போடறது?” தலைமையாசிரியை கோப்பைத் திறந்து மூடினார்.

தீர்ப்பு வந்தது. எழுத்து இருப்பதால்தானே வாசிக்கிறார்கள்? மறுநாளே பன்னிரண்டு பலகையும் இறங்கின. அந்த இடத்தில் படம் வந்தது. முகக்கவரி போட்ட ஒரு மூஞ்சி, ஒரு குழாய், குறுக்குக் கோடு போட்ட ஒரு கை. குச்சியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். ஷாமினி வரிசைக் கடைசியில் நின்று வெறும் படங்களைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் எங்கே அப்பா என்று கேட்டாள். எடுத்துட்டாங்கம்மா என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

வீட்டில் நாள்காட்டித் தாளில் இருக்கிற ராசிபலனைப் படிக்க வைத்தேன். எழுத்து பொடி, அவளுக்குத் தலை வலித்தது. சாண் உயர எழுத்தில் பழகிய பிள்ளை. ஓடுகிற வேனில் கடைப் பலகைகள் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் கிடைத்தன. ஒரு முழு வரி எங்கும் இல்லை. மாதவியின் அக்கா தொலைபேசியில், அந்த அறைக்குப் புது மெத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார். ஷாமினி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்து நானும் சாப்பிடவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால்தான் அந்த நல்ல செய்தி. வட்டாரத்தின் மிகப் பாதுகாப்பான பள்ளி என்ற விருது எங்களுக்கு. நான்கு வாரத்தில் ஒரு மாணவருக்கும் தொற்று இல்லை, ஒரு புத்தகத்துக்கும் சேதம் இல்லை. மறுநாளே பள்ளியில் விழா. மாதவிக்கும் அன்றுதான் வருஷத்தில் முதல் முறையாக விடுமுறை கிடைத்திருந்தது. ஷாமினியை அவளே கூட்டிக்கொண்டு வருவதாகவும், டீச்சரிடம் கேட்டு வகுப்பில் ஒரு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போவதாகவும் சொல்லியிருந்தாள்.

விடிகாலையில் என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு மாலை வாங்க அனுப்பினார்கள். ஐம்பது மாலை. திரும்பி வந்தபோது தலைமையாசிரியை வாசலில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் ஒரு புதுப் பலகையை நீட்டினார். விருந்தினர் நாற்பத்தொன்பது பேர், வளாகத்துக்கு ஐம்பதுதான் கணக்கு, ஆகவே பிள்ளைகள் வர வேண்டாமென்று வாட்ஸ்அப்பில் சொல்லியாகிவிட்டதாம். தப்பித் தவறி யாராவது வந்தால் தெரிய வேண்டும் என்று இந்தப் பலகை. ஆசிரியர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கிறார்களாம். ஐம்பதில் தலைமையாசிரியையே கடைசி ஆள். நான் ஐம்பத்தொன்று. பலகையை மாட்டிவிட்டு நானும் வாசலுக்கு வெளியே நின்றேன்.

மாதவி அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லை, நான்தான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கைப்பேசியை எடுத்தேன், எண்ணைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டே முக்காலுக்கு அவர்கள் வந்தார்கள். ஷாமினிக்கு இரட்டைச் சடை, இஸ்திரி போட்ட நீலச் சீருடை. மாதவி தீபாவளிக்கு எடுத்த சேலையை இரண்டு நாள் முன்னாலேயே கட்டியிருந்தாள். பூட்டின வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே ஒலிபெருக்கியில் கமலநாதன் தொடங்கியிருந்தார்.

“இந்த அமைதியைக் கேளுங்கள். இந்தச் சுத்தத்தைப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடம் இப்படித்தான் இருக்க வேண்டும். மாணவர்களும் கொஞ்சம் ஒத்துழைத்தால் இந்த நாட்டில் பள்ளிகளை ஆண்டு முழுவதும் திறந்தே வைத்திருக்கலாம்.”

“என்னங்க இது,” என்றாள் மாதவி. நான் பலகையைக் காட்டப் போனேன். அதற்குள் ஷாமினி பழக்க தோஷத்தில் தன் மஞ்சள் பாதக் குறியில் போய் நின்றுவிட்டாள். கண் தானாகச் சுவருக்குப் போனது. சாண் உயர எழுத்து.

“பா... து... கா... ப்பு,” என்றாள்.

நான் மாதவியின் கையைப் பிடித்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“பாதுகாப்பு... கருதி... இன்று...” ஒரு மூச்சு விட்டாள். “மா... மாண... மாணவர்... களுக்கு...” அங்கே நின்றுவிட்டாள். ஒலிபெருக்கியில் கைதட்டல் கேட்டது. எனக்கு வாய் துறுதுறுத்தது, மாதவி என் கையை நசுக்கினாள். பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள், இந்தத் தடவை வேகமாக.

“பாதுகாப்பு கருதி இன்று மாணவர்களுக்குப் பள்ளி இல்லை.”

திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என்ன வாசித்தோம் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “பள்ளி இல்லையாம்மா?” என்றாள்.

மாதவி ரோட்டிலேயே உட்கார்ந்து, புதுச் சேலையோடு, பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுதால் வெப்பநிலை ஏறுமா என்று விதியில் இல்லை.

அந்த நேரத்தில் வாசல் திறந்தது. உள்ளேயிருந்து கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். அறிக்கைக்கு மூன்று படம் ஆகிவிட்டது. நான்காவது படத்தில் மாணவர் இருக்க வேண்டும், வளாகத்தில் ஒரு மாணவர்கூட இல்லை. ஷாமினியைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

“பாப்பா, அந்தக் கேட்ட கொஞ்சம் புடிச்சிக்க. boss, அந்தப் போர்ட மட்டும் கழட்டுங்க, ரெண்டு நிமிஷம்.”

பலகையைக் கழற்றி மாதவியிடம் கொடுத்தேன். படம் எடுத்தார்கள். ஷாமினியின் கண்ணில் மகிழ்ச்சி நன்றாகவே இருந்தது, அவள் அப்போதுதான் ஒரு வரி வாசித்திருந்தாள். அவர் உள்ளே ஓடினார், வாசல் சாத்தப்பட்டது. பலகையை மறுபடி மாட்டுவதற்காகக் கை நீட்டினேன். மாதவி தரவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

அது இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சுங்கைப்பட்டாணி மெத்தையில் மாதவியின் அக்கா வீட்டுக்காரர் படுக்கிறாராம், அவருக்கு முதுகு வலி தேவலை என்று கேள்வி.

புது வருஷம் பள்ளி ஒருவழியாகச் சாதாரணமாகத் திறந்தது. முதல் நாள் ஷாமினியை வகுப்புவரை கொண்டுபோய் விட்டேன். வழியில் சுவரில் விருது தொங்கியது. அதற்குக் கீழே, பிள்ளைகள் கண்ணுக்கு நேராக, நான்கு படத்தோடு அந்த ஒரு பக்க அறிக்கை. ஷாமினி நின்றுவிட்டாள். இப்போதெல்லாம் எழுத்து இருந்தால் அவளால் சும்மா தாண்டிப் போக முடியாது. நான்காவது படத்துக்குக் கீழே இருந்ததை வாய்விட்டு வாசித்தாள்.

“மாணவி ஒருவர் மகிழ்ச்சியுடன் பள்ளிக்குள் நுழையும் காட்சி.”

இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பா, அன்னிக்கு நம்மள உள்ளயே விடலியே.”

பின்னால் தலைமையாசிரியை நின்றிருந்தார், கையில் கோப்போடு. கேட்டிருப்பார். பிள்ளை தலையில் கை வைத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் போனபோது அந்த அறிக்கையை ஓரடி மேலே ஏற்றி ஒட்டியிருந்தார்கள். ஷாமினி எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை. பரவாயில்லை, அவள் வளர்ந்துகொண்டுதானே இருக்கிறாள்.